இரண்டு வீட்டுக்காரர்கள்

சென்ற ஐப்பசியில், மழையில் நனைந்த ஒரு ஃபைலைத் துப்பட்டா நுனியால் துடைத்தபடி ஒரு பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் என் அலுவலகம். அந்தப் பெண் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஆறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு 2022-இல் கணவரோடு சென்னை திரும்பியவர். பெசன்ட் நகரில் மூன்று படுக்கையறை ஃபிளாட். அங்கிருந்து பத்து வயதுப் பையனையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு மந்தைவெளியில் அம்மா வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா வீடு என்பது ஒரு ஹால், ஒரு ரூம். அதில் அண்ணன் குடும்பமும் இருக்கிறது.

"மேடம், அங்கே பிரிஞ்சு வந்த பொண்ணுங்க வாடகைக்குக் கவுன்சில்ல எழுதிப் போடுவாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைச்சுது. இங்கே எந்த ஆபீஸ்ல அப்ளிகேஷன் கொடுக்கணும்?"

1991-இல் கறுப்பு கவுன் போட்டேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கே அப்படி ஓர் ஆபீஸ் இல்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாநில அரசின் ஓய்வூதியம் ஒன்று உண்டு. முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தாவது வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். கிடைப்பது மாதம் ஆயிரத்துச் சொச்சம். அது இல்லாவிட்டால், 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை. வயிறு காயாமல் இருக்க அந்தப் பணம் எத்தனை பேருக்கு உதவுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மந்தைவெளியில் அதை வைத்து ஒரு வீட்டின் கேட்டைக்கூடத் திறக்க முடியாது. லண்டன் கதையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணவரின் விசாவை நம்பிப் போயிருக்கும் மனைவிக்கு அந்த நாட்டின் வாடகை உதவி பொதுவாகக் கிடைக்காது. பக்கத்து வீட்டு அக்கா அந்த ஊர்க் குடியுரிமை வாங்கியவராக இருந்திருப்பார்.

நம் ஊரில் அப்ளிகேஷன் கொடுக்கவேண்டிய ஆபீஸ் நீதிமன்றம்தான். பணம் கட்டவேண்டியவர் கணவர். இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சொல்லச் சொல்ல, இத்தனை வருஷத்து வழக்குகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

'வீட்டுக்காரர்' என்ற சொல் எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும். கணவரும் வீட்டுக்காரர், வாடகை வாங்குபவரும் வீட்டுக்காரர். "வீட்டுக்காரர் விட்டுட்டுப் போய்ட்டார், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றார்" என்று ஒரு பெண் ஒரே மூச்சில் சொன்னபோது என் ஜூனியர் பேனாவை நிறுத்திவிட்டு, எந்த வீட்டுக்காரர் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். இந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நடுவே நிற்கும் பெண்கள்தான் என் கட்சிக்காரர்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், லஸ் முனையில் இருந்த என் சீனியரிடம் 1993 வாக்கில் ஒரு பெண் வந்தார். முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் ஒரு 'ஸ்டோரில்' குடியிருந்தார். நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு என்று அந்தக் கால மயிலாப்பூரில் நிறைய ஸ்டோர்கள் இருந்தன. அந்த அறைக்கு வாடகை 450 ரூபாய். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் ஜீவனாம்ச மனு போட்டோம். அன்றைக்கு அந்தப் பிரிவில் 500 ரூபாய் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. கணவன் எவ்வளவு சம்பாதித்தாலும் அதற்கு மேல் உத்தரவு போட முடியாது. ஒன்றரை வருஷம் இழுத்து 400 ரூபாய் உத்தரவானது. உத்தரவைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ வாடகைக்கே பத்தாதாம்மா?" நான் பதில் சொல்லவில்லை.

உரிமையியல் பக்கம் வேறு வழிகள் இருந்தன. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், ஜீவனாம்சம் என்பதில் சோறு, துணி, மருத்துவத்தோடு குடியிருப்பையும் சேர்த்தே சொல்கிறது. ஏடு அப்படிச் சொன்னது. கோர்ட்டில் அது செல்லவில்லை. "பிறந்த வீடு இருக்கே, அங்கே போய் இருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார், மேஜைக்குப் பின்னால் இருப்பவரும் தலையாட்டுவார். அப்பா இறந்து, அண்ணி சமையலறைக்குள் விடாத பிறந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் மனுவில் எப்படி எழுதுவது என்று அப்போது எனக்குத் தெரியாது.

2001-இல் அந்த 500 ரூபாய் வரம்பை நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. மனு போட்டவர் காத்துக்கிடக்காமல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கவும் வழி வந்தது. அதன் பிறகுதான் வாடகை என்ற சொல்லை நாங்கள் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தோம்.

நான் செய்த பெரிய தவறும் அந்தக் காலத்ததுதான். தி.நகரில், நடேசன் பூங்காவுக்கு அருகில் வாடகை வீட்டில் இருந்த ஒரு தம்பதி மனமொத்துப் பிரிய வந்தார்கள். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். "நீ இங்கேயே இருந்துக்கோ, நான் போறேன்" என்று அவர் வாயால் சொன்னதை நம்பி, ஜீவனாம்சத் தொகையை மட்டும் எழுதி, குடியிருப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் மனுவைத் தயார் செய்தேன். தீர்ப்பும் வந்தது. எட்டு மாதத்தில் அவர் வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், தான் காலி செய்துவிட்டதாக எழுதிக் கொடுத்து, அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் சாமான்களோடு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2005 பிப்ரவரியில் பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அச்சலா ஆனந்த் வழக்கு என்போம். வாடகை வீட்டில் மனைவியை விட்டுவிட்டுக் கணவன் போய்விட்டால், வீட்டுச் சொந்தக்காரர் போடும் காலி செய்யும் வழக்கை, வாடகைதாரர் நடத்துவதுபோலவே அந்த மனைவி நடத்தலாம். வாடகையையும் அவர் கட்டலாம். ஆனால் விவாகரத்து ஆகிவிட்டால், அந்தத் தீர்ப்பில் குடியிருப்பு பற்றி ஏதாவது இருந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அந்த உரிமை போய்விடும். தீர்ப்பின் இரண்டாம் பாதியைப் படித்தபோது எனக்குத் தி.நகர்ப் பெண்ணின் முகம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பெண்ணுக்கும் குடியிருப்பு பற்றிய பத்தி இல்லாமல் மனமொத்த மனுவில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அதே வருஷம் அடையாறு கஸ்தூரிபா நகரில் ஒரு வழக்கு. கணவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வாடகை மூன்று மாதம் பாக்கி. மனைவி பணத்தை எடுத்துக்கொண்டு போனால் வீட்டுச் சொந்தக்காரர் வாங்கவில்லை. "அக்ரிமென்ட்ல உன் பேர் இல்லையேம்மா. உன்கிட்ட வாங்கினா நாளைக்கு எனக்குத்தான் சிக்கல்." அவர் கெட்டவர் இல்லை, யாரோ அப்படிச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். நாங்கள் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காட்டிய படிகளில் போனோம். எந்த வங்கிக் கணக்கில் கட்டுவது என்று கேட்டு முதலில் நோட்டீஸ். பதில் இல்லை என்றதும் மணியார்டர். மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் அடையாறு தபால் நிலையத்தில் அந்தப் பெண் வரிசையில் நின்று மணியார்டர் அனுப்பினார். அது 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பி வரும். அந்தச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். விசாரணையன்று டப்பாவையே கோர்ட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். நீதிபதி ஒவ்வொரு சீட்டாகப் புரட்டிப் பார்த்தார். சொல்லப்போனால், நான் அன்று அதிகம் வாதாடவே இல்லை.

2006 அக்டோபர் 26-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் போடும் மனுவை நாங்கள் டி.வி.சி. என்போம். 19-ஆம் பிரிவில் குடியிருப்பு உத்தரவுகள் வரிசையாக வருகின்றன. கடைசியில் நிற்கிறது என் ஆயுதம். பெண் வாழ்ந்த வீட்டுக்குச் சமமான வேறு குடியிருப்பைக் கணவர் ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது அதற்கு வாடகை தர வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் பிரிந்து வந்த பெண்ணின் வாடகையை அதன் பெயரைச் சொல்லியே குறிப்பிடும் இடம் அதுதான். பெண் தற்காலிகமாக எங்கே தங்கியிருக்கிறாரோ அந்த எல்லைக்கு உட்பட்ட நடுவர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். ஆரம்பத்தில் எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதுகாப்பு அலுவலர் யார், அறிக்கை எந்தப் படிவத்தில் என்று கேட்டு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்கும் கோர்ட்டுக்கும் நான் நடந்த நடை கொஞ்சமில்லை.

சட்டம் வந்து ஐம்பதாவது நாள், டிசம்பர் 15-இல், பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைச் சாத்தியது. மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகளுக்குக் குடியிருப்பு உரிமை கிடையாது. மாற்று வீடு கேட்பதானால் கணவரிடம்தான் கேட்க வேண்டும், மாமனார் மாமியாரிடம் இல்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இதன் பொருள் என்ன தெரியுமா? இங்கே பாதி வீடுகள் தாத்தா கட்டியவை, பத்திரம் மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோதான் இருக்கும். தீர்ப்பு வந்த மறு மாதமே, வீட்டைத் தாயார் பெயருக்கு தானப் பத்திரம் எழுதிய கணவர்களையும் பார்த்தேன். 2007-இல் நம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், கல்யாணமாகியும் புகுந்த வீட்டில் ஒரு நாள்கூட வாழவிடாத பெண்ணுக்கும் அந்த வீடு குடியிருப்பு உரிமை உள்ள 'பகிர்ந்த இல்லமே' என்ற கருத்தைச் சொன்னார். எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பத்ரா தீர்ப்பைப் பெரிய அமர்வு ஒன்று ரத்து செய்ய 2020 அக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினான்கு வருஷமும் என் வேலையில் பெரும்பகுதி வாடகை கேட்பதாகவே போயிற்று.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு, அதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று. முதலில் நான் எல்லோரையும் போல 'ஜீவனாம்சம் மாதம் இவ்வளவு' என்று மொத்தமாக ஒரு தொகையைக் கேட்பேன். கோர்ட் அதைப் பாதியாக்கும். அந்தப் பாதியில் வாடகை போக மிச்சம் பள்ளிக் கட்டணத்துக்குக்கூட வராது. பிறகு வாடகையைத் தனிக் கோரிக்கையாக, தனி எண் போட்டு, கணக்கோடு கேட்க ஆரம்பித்தேன். மொத்தத் தொகையை வெட்டுவது சுலபம். 'மந்தைவெளியில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகை' என்று எழுதியதை வெட்ட வேண்டுமானால், அதைவிடக் குறைந்த வாடகைக்கு அங்கே வீடு இருக்கிறது என்று யாராவது காட்ட வேண்டும்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. வாடகை கேட்டால் "வாடகை ஒப்பந்தம் எங்கே?" என்பார்கள். ஒப்பந்தம் போட அட்வான்ஸ் வேண்டும். அட்வான்ஸுக்குப் பணம் வேண்டும். பணம் கோர்ட் உத்தரவிட்டால்தான் வரும். இந்தச் சுழலை உடைக்க எனக்கு உதவியது, வார இறுதியில் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் உள்ளூர்ப் பத்திரிகைகள். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் இரண்டிலும் வரும் வாடகை விளம்பரங்களை எட்டு வாரத்துக்குக் கத்தரித்து, ஒரு தாளில் ஒட்டி, தேதியெழுதி ஆவணமாகப் போட்டேன். அந்தத் தாளைக் கையில் வாங்கிய நடுவர் அம்மையார் தன் தெருப் பெயரைத் தேடிப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உத்தரவில் அந்த விளம்பரத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு தொகை வந்தது. இப்போது இணையத்தில் விளம்பரங்களை எடுத்துப் போடுகிறோம், ஆனால் அந்தத் தாளுக்கு இருந்த மதிப்பு இதற்கு இல்லை.

"ஏன் மேடவாக்கம் போகக் கூடாது, பள்ளிக்கரணை போகக் கூடாது? அங்கே வாடகை பாதிதானே?" இது நிச்சயம் வரும் கேள்வி. இதற்கு நான் ஒரு தாளில் மூன்று தூரங்களை எழுதிக் கொடுப்பேன்: பிள்ளையின் பள்ளி, அம்மாவின் வேலையிடம், பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி வீடு. சாந்தோமில் படிக்கும் பிள்ளை மூன்றரை மணிக்கு வெளியே வருகிறான். அம்மா அலுவலகம் விட்டு மேடவாக்கம் போய்ச் சேர ஏழரை. நடுவில் அந்தப் பிள்ளை எங்கே இருப்பான்? சமமான குடியிருப்பு என்று சட்டம் சொல்வதை நான் சதுர அடியில் மட்டும் அளப்பதில்லை.

கணவரின் வருமானத்தைக் கண்டுபிடிப்பது தனி வேலை. ஒரு வழக்கில், தான் அம்மா வீட்டில் இருப்பதாகவும், கைக்கு வருவது கடன் தவணைக்கே போய்விடுவதாகவும் கணவர் எழுதியிருந்தார். தனியார் கம்பெனி வேலை. அலுவலகத்திலிருந்து சம்பள விவரங்களை வரவழைக்க மனு போட்டோம். மாதச் சம்பளச் சீட்டில் 'எச்.ஆர்.ஏ.' என்று ஒரு வரி, வீட்டு வாடகைப்படி. அதற்கு வருமான வரி விலக்கு வாங்க, தான் மாதம் 22,000 ரூபாய் வாடகை கட்டுவதாக அலுவலகத்துக்கு ரசீது கொடுத்திருந்தார். வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுச் சொந்தக்காரரின் பான் எண்ணும் தர வேண்டும். தந்திருந்தார். அது அவருடைய அம்மாவின் பான் எண். ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அம்மாவின் கையெழுத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பேனா மை. கூண்டில் நிற்க வைத்து நான் கேட்டவை இரண்டே கேள்விகள். அம்மாவுக்கு வாடகை கொடுக்கிறீர்களா? கொடுக்கவில்லை என்றால் இந்த ரசீது என்ன? எந்தப் பதில் சொன்னாலும் ஒரு பக்கம் பொய் ஆகிவிடும் என்று அவருக்கே புரிந்தது. மறு வாய்தாவில் சமரசத்துக்கு வந்தார்.

குடும்பத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்றுதானே சம்பளத்தில் அந்தப் படியைத் தனியாகக் காட்டுகிறார்கள்? அந்தக் குடும்பத்தில் பாதி வெளியே நிற்கிறது. சம்பளச் சீட்டு கைக்கு வந்தால் நான் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான். 2020 நவம்பர் 4-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியே ஆக வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காக வேண்டும் என்றும் சொன்ன பிறகு, இந்தத் தேடல் பாதியாகக் குறைந்திருக்கிறது. பெண்களும் தங்கள் சம்பளத்தை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்து மாட்டிக்கொண்டு, நியாயமான வாடகையையும் இழந்த கட்சிக்காரர்கள் எனக்கும் இருந்திருக்கிறார்கள்.

உத்தரவு வாங்குவது பாதி தூரம்தான். வாடகைக்கு ஐந்தாம் தேதி உண்டு, கோர்ட்டுக்கு வாய்தாதான் உண்டு. ஜீவனாம்சப் பாக்கிக்கு வாரண்ட் கேட்டு அலைந்துகொண்டிருக்கும்போதே வீடு காலியாகிவிடும். 125-ஆம் பிரிவுப் பாக்கியை, அது சேர்ந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டு மனு போடாவிட்டால் வாரண்ட் வழியில் வசூலிக்க முடியாது. 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு, சட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. 'பாவம், எப்படியும் தருவார்' என்று காத்திருந்து அந்த ஒரு வருஷத்தைத் தாண்டவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். டி.வி.சி.யில் இன்னொரு வழி உண்டு. கணவரின் அலுவலகமே சம்பளத்தில் பிடித்து நேராகப் பெண்ணுக்கு அனுப்ப நடுவர் உத்தரவிடலாம், 20-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நம் வக்கீல்கள் இதை ஏன் அதிகம் கேட்பதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. நான் முதல் மனுவிலேயே கேட்டுவிடுகிறேன்.

இனி இன்னொரு வீட்டுக்காரர். வீடு பார்க்கும் கட்சிக்காரர்களோடு நானே பல முறை போயிருக்கிறேன், பக்கத்தில் ஒரு வக்கீல் நின்றால் கேள்விகள் கொஞ்சம் மரியாதையாக வரும் என்பதால். உஸ்மான் ரோடு பின்புறம் ஒரு வீடு. டூலெட் போர்டின் கீழேயே 'வெஜிடேரியன் மட்டும்' என்று எழுதியிருந்தது. மாமி ஊஞ்சலில் உட்கார்ந்தபடி கேட்டார். "வீட்டுக்காரர் எங்கே வேலை?" பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தரகர் முந்திக்கொண்டு, "துபாய்ல இருக்காருங்க மாமி" என்றார். வழியெல்லாம் அவர் அதைத்தான் பாடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் குறுக்கிட்டு, "இல்லை மாமி, பிரிஞ்சு இருக்காங்க. கேஸ் நடக்குது. வாடகை கோர்ட் உத்தரவுப்படி வரும், இவங்களும் வேலைக்குப் போறாங்க" என்றேன். மாமி வீட்டைத் தரவில்லை. தரகர் என்மேல் கோபப்பட்டார், ஒரு மாத வாடகைக் கமிஷன் போயிற்றே என்று. ஆனாலும் நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன். துபாய் கணவர் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு கேட்டைத் தட்டிச் சத்தம் போட்டால், மாமிக்குக் கோபம் அவர்மேல் வராது, பொய் சொன்ன பெண்ணின்மேல் வரும். உண்மை தெரிந்து வீடு கொடுத்தவர்கள்தான் அந்தச் சமயத்தில் கூட நின்றிருக்கிறார்கள். நாட்டு சுப்பராய முதலி தெருவில் ஒரு பெரியவர், சத்தம் போட வந்த கணவரிடம், "அக்ரிமென்ட் இந்தப் பொண்ணு பேர்ல இருக்கு. நீங்க யாரு?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

ஒப்பந்தம் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரிலோ தம்பி பெயரிலோ வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியிருப்பது இந்தப் பெண்களுக்கு ஒரு நன்மை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது, ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு வாசலையும் விட்டு வைத்திருக்கிறது. நம் ஊரில் அந்த வாசல் வழியாகத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள்.

அட்வான்ஸைப் பற்றி நான் ஒரு சமரசப் பேச்சில் கற்றுக்கொண்டேன். உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையத்தில் ஒரு தம்பதி. கணவர் அட்வான்ஸ் முழுவதையும் தருவதாக ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் நிம்மதி. கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் கேட்டார்: "நாளைக்கு அவ வீடு மாறினா அட்வான்ஸ் யாருக்குத் திரும்ப வரும்?" அங்கே இருந்த யாருமே அதை யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியில் தப்பும் இல்லை. பேசிப் பேசி, வீடு மாறும்போது அந்தப் பணம் அடுத்த வீட்டின் அட்வான்ஸாகவே போகும், பையனுக்குப் பதினெட்டு ஆனதும் அவன் படிப்புக்கு என்று எழுதினோம். அந்த மனிதர் அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் ஒற்றை அறையில் இருந்தார். இரண்டு இடத்துக்கு வாடகை, நடுவில் வீட்டுக் கடன் தவணை. எதிர்த்தரப்பு என்றாலும் அவர் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தர முடியாததைக் கேட்டு உத்தரவு வாங்கினால் அது பாக்கியாகத்தான் நிற்கும், வாடகை வராது.

ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்த பெண்ணின் மனு ஐப்பசியிலேயே போட்டாகிவிட்டது. வாடகை தனி எண், அட்வான்ஸ் தனி எண், சம்பளத்தில் நேரடிப் பிடித்தம் தனி எண். இடைக்கால உத்தரவு இன்னும் வரவில்லை. கணவர் தரப்பு கவுன்டர் போட இரண்டு முறை அவகாசம் கேட்டுவிட்டது. அண்ணன் வீட்டில் இனிமேலும் இருக்க முடியாது என்று, போன மாதம் மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டைப் பிடித்துவிட்டார். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாவற்றையும் சொன்னோம். ஒப்பந்தத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தவர், 'க/பெ.' என்று டைப் செய்திருந்த இடத்தில் பேனாவை வைத்து, "இது எதுக்கு? அப்பா பேர் போட்டாப் போதுமே" என்று தானே அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாத அட்வான்ஸுக்கு அந்தப் பெண் நான்கு வளையல்களை வங்கியில் அடகு வைத்திருக்கிறார். அடகுச் சீட்டின் நகலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வட்டியையும் மாதக் கணக்கோடு சேர்த்து மெமோ தயார் செய்து வைத்திருக்கிறேன். வாய்தா 23-ஆம் தேதி, சைதாப்பேட்டையில்.